புள்ளி விழுந்த சொற்கள்

ராஞ்சி
11 ஆகஸ்ட் 2024

இயேசுவுக்கே புகழ்.

அன்புள்ள அப்பாவுக்கு மகள் ஷிஜி எழுதுவது. மாதா புண்ணியத்தில் நான் சுகம். உங்கள் தோள்பட்டை எப்படி இருக்கிறது? தைலம் தேய்க்க ஆளில்லை என்று சும்மா விட்டிருப்பீர்கள், எனக்குத் தெரியும்.

இந்த ஒரு வருடம் எங்களுக்குப் போன் கிடையாது. அவ்வப்போது ஒரு கடிதம் எழுதலாம். எங்களுக்குப் பொறுப்பான சிஸ்டர் லியோனி பிரித்துப் பார்த்துத்தான் தருவார். அவர் மங்களூர்க்காரர், தமிழ் வாசிக்கத் தெரியாது. அதனால் தைரியமாக எழுதுங்கள்.

நாங்கள் பதினான்கு பேர். தமிழ் பேச என்னைத் தவிர ஒருத்தியும் இல்லை. சாப்பாட்டு மேசையில் இங்கிலீஷ்தான் பேச வேண்டும். சொல்ல வந்தது வாயில் வருவதற்குள் சோறு ஆறிவிடுகிறது. அதுவும் நேற்று நடந்ததைச் சொல்லத்தான் ரொம்பப் பாடு. வாக், வாக்ட் என்று ஒழுங்காகப் போகிற சொற்கள் தொல்லையில்லை. கோ என்பது வென்ட் ஆகிறது, பிரிங் என்பது பிராட் ஆகிறது, புட் மட்டும் எதுவும் ஆகாமல் புட் என்றே உட்கார்ந்திருக்கிறது.

குருத்து ஞாயிறுக்கு முந்தின நாள் இங்கிலீஷ் பரீட்சை. தேறினால் துறவற உடுப்பு, பிறகு நர்சிங் படிப்பு. தேறாவிட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

ஒரு உதவி அப்பா. அம்மாவின் தகரப்பெட்டியில், சேலைகளுக்கு அடியில், பச்சை அட்டை போட்ட நோட்டு ஒன்று இருக்கும். ஒன்பதாம் வகுப்பில் கோ, வென்ட், கான் என்று அந்தச் சொற்களை எல்லாம் மூன்று வரிசையாக எழுதியது. அதைத் தபாலில் அனுப்புங்கள்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் மகள்
ஷிஜி


கடியப்பட்டணம்
3 செப்டம்பர் 2024

சேசு மரி சூசை துணை.

அன்பு மகளுக்கு அப்பா ஏசுஅடிமை எழுதிக்கொண்டது. நான் நல்ல சுகம். தோள்பட்டையும் நல்ல சுகம், என்னைவிட அதுதான் சத்தமாகப் பேசுகிறது. உன் சுகத்துக்கு நம் கோவிலில் மெழுகுதிரி ஏற்றினேன்.

உன் அண்ணன் ஜெஃப்ரின் பஹ்ரைனிலிருந்து ஞாயிறுதோறும் போன் செய்கிறான். "அப்பா, சாப்பிட்டியளா?" என்பான், "சாப்பிட்டேன்" என்பேன். அதோடு வாரம் முடிந்தது. நான் ஐஸ் உடைக்கிற இடத்தில் சீட்டு எழுதுகிறேன். தோள் போய் வள்ளத்தில் ஏற முடியாத மனுசனுக்குக் கரையில் அதுதான் மரியாதை. பக்கத்து வீட்டு குளோரி சில நாள் சாளைக் கறி கொண்டு வைப்பாள். மற்ற நாள் கஞ்சியும் துவையலும்.

பெட்டியைப் பார்த்தேன். நோட்டு அங்கே இல்லை. மழைக்கு ஓடு ஒழுகியபோது சாமான்களை அங்கும் இங்கும் மாற்றினோம் இல்லையா, எங்கே போனதோ தெரியவில்லை. தேடிப் பார்க்கிறேன். அங்கே கடையில் புதுசு கிடைக்காதா?

கர்த்தர் உன்னைக் காப்பாராக.

அப்பா


ராஞ்சி
6 அக்டோபர் 2024

அன்புள்ள அப்பாவுக்கு, இங்கே குளிர் தொடங்கிவிட்டது, மற்றபடி சுகம். உங்கள் கடிதத்தைக் கிணற்றடியில் வைத்து நாலு தடவை சத்தமாக வாசித்தேன். தமிழ்ச் சத்தம் கேட்டு எவ்வளவு நாளாயிற்று!

கடையில் புதுசு கிடைக்கும் அப்பா. நூலகத்தில்கூட இருக்கிறது. ஆனால் எனக்கு வேண்டியது அதில் இல்லை. நீங்கள் அப்போது கொச்சியில் தொழிலுக்குப் போயிருந்தீர்கள், அதனால் உங்களுக்குத் தெரியாது. சாயங்காலம் நான் அந்தச் சொற்களைப் பார்க்காமல் சொல்வேன். அம்மா மீன் பாத்திரத்தைக் கழுவிவிட்டு வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, பென்சிலோடு உட்காருவாள். அம்மாவுக்கு இங்கிலீஷில் ஒரு எழுத்துத் தெரியாது. என் வாயைத்தான் பார்ப்பாள். நான் தடுமாறாமல் சொன்னால் டிக். குரல் இறங்கினால் புள்ளி. "ஏட்டி, அது ஒனக்குத் தெரியேல. ஒரு புள்ளி வச்சிருக்கேன்" என்பாள். பிறகு பார்த்தால் அது தப்பாகத்தான் இருக்கும்.

அன்றைக்குப் புள்ளி விழுந்த சொற்கள்தான் இன்றைக்கும் என்னைத் தடுக்குகின்றன. எவை என்று நினைவில்லை. போன வாரம் மேசையில் ஒரு சொல்லைத் தப்பாகச் சொன்னேன், பதிமூன்று பேரும் சிரித்தார்கள். சிஸ்டர் லியோனி சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் வெட்கமாக இருந்தது.

கொஞ்சம் தேடிப் பாருங்கள் அப்பா.

ஷிஜி


கடியப்பட்டணம்
12 நவம்பர் 2024

சேசு மரி சூசை துணை.

அன்பு மகளுக்கு, நான் சுகம். கடல் பத்து நாளாகச் சீற்றம், அதனால் ஐஸும் இல்லை, சீட்டும் இல்லை. உன் உடம்பைப் பார்த்துக்கொள். கம்பளி வாங்கித் தந்தார்களா?

ஆன்மாக்கள் திருநாளுக்கு அம்மாவின் கல்லறையை நான் ஒருவனே வெள்ளையடித்தேன். போன வருடம் நீ வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றாய். இந்த வருடம் வாளியைத் தரையில் வைத்துக் குனிந்து குனிந்து எடுத்ததில் இடுப்பும் தோளோடு கூட்டுச் சேர்ந்துவிட்டது.

நோட்டு இன்னும் அகப்படவில்லை. வீட்டில் தேடாத மூலையில்லை.

ஆமாம், கேட்ச் என்பதற்கு நேற்று என்றால் காட் என்று வருமாமே? ஐஸ் உடைக்கிற ததேயுஸ் சொன்னான். நாற்பது வருடம் கடலில் மீன் பிடித்தவனுக்கு அந்தச் சொல் இப்போதுதான் தெரிகிறது. இன்றைக்குப் பிடித்தால் ஒரு பெயர், நேற்றுப் பிடித்தால் இன்னொரு பெயர். வெள்ளைக்காரன் மீன் நாறத் தொடங்கியதும் பெயரை மாற்றிவிடுவான் போல.

எல்லாம் நல்லதுக்குத்தான். தேறினாலும் தேறாவிட்டாலும் உனக்கு ஒரு வீடு இருக்கிறது.

அப்பா


ராஞ்சி
29 டிசம்பர் 2024

இயேசு பாலன் உங்களை ஆசீர்வதிக்கட்டும்.

அன்புள்ள அப்பாவுக்கு, கிறிஸ்மஸுக்கு என்ன செய்தீர்கள்? குளோரி அக்கா அச்சப்பம் கொண்டு வந்தாளா? இங்கே கேக் வெட்டினார்கள். நான் முந்திரிக்கொத்தை நினைத்துக்கொண்டே அதைத் தின்றேன். எனக்குச் சளி மட்டும்தான், வேறொன்றும் இல்லை.

உங்கள் மீன் பகடியை சிஸ்டர் லியோனிக்கு இங்கிலீஷில் சொல்லப் பார்த்தேன். பாதியில் நின்றுவிட்டது. ஆனாலும் சிரித்தார்.

நோட்டை இனித் தேட வேண்டாம் அப்பா. இடுப்பு வலியோடு பெட்டிகளைத் தூக்காதீர்கள். அது கறையான் தின்று போயிருக்கும். நான் நூலகப் புத்தகத்தை வைத்துப் பார்க்கிறேன். அதில் எல்லாச் சொல்லுக்கும் ஒரே முகம்.

தவக்காலம் முழுக்க நாங்கள் கடிதம் எழுதக் கூடாது. அதற்கு முன் இன்னொன்று எழுதுவேன்.

ஷிஜி


கடியப்பட்டணம்
19 ஜனவரி 2025
(இது அனுப்பப்படவில்லை. காலண்டர் தாளின் பின்புறம் எழுதி, நோட்டுக்குள் வைத்தது.)

மக்களே, ஷிஜி, நீ சுகமா? நான் சுகமில்லை.

நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. உன் முதல் கடிதம் வந்த அன்றைக்கே பெட்டியைத் திறந்தேன். நீ சொன்ன இடத்தில், சேலைக்கு அடியில் இருந்தது. தேட ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. நாலு மாதமாக உன்னிடம் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறேன். காட் என்ற சொல்லை ததேயுஸ் ஒன்றும் சொல்லவில்லை, அவனுக்கு எங்கே இங்கிலீஷ் தெரியும்? உன் நோட்டைப் பார்த்துத்தான் எழுதினேன்.

அனுப்பத்தான் எடுத்தேன். அட்டையைத் திறந்ததும் உன் எழுத்தும் அவள் புள்ளியும் ஒரே பக்கத்தில் கிடந்தன. இந்த வீட்டில் நீங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்த சத்தம் இவ்வளவுதான் மிச்சம். அன்று அனுப்ப மனம் வரவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று போயிற்று. பிறகு வேறொரு நினைப்பு வந்தது. நீ தேறாவிட்டால் திரும்பி வருவாய். அந்த நினைப்பு வந்த பிறகு நான் நோட்டை மறந்து வைத்திருக்கவில்லை, ஒளித்து வைத்திருக்கிறேன்.

மத்தியானம் கரையில் ஆளிருக்காது. அப்போது அதை எடுத்து உட்காருகிறேன். ஒவ்வொரு சொல்லுக்கு மேலும் நீ தமிழில் உச்சரிப்பு எழுதியிருக்கிறாய். ஐந்தில் வளையாதது ஐம்பத்தெட்டில் வளையாது என்று பார்த்தால், கொஞ்சம் வளைகிறது. கீப், கெப்ட். ஹைட், ஹிட். வைத்துக்கொண்டது, ஒளித்தது, நான் செய்கிற காரியத்துக்கெல்லாம் இதில் சொல் இருக்கிறது.

உன் அறைக்கு நீல வண்ணம் அடித்துவிட்டேன். நீ தோற்க வேண்டும் என்று மாதாவிடம் கேட்டேன். எந்தத் தகப்பன் இப்படிக் கேட்பான்? தனியாக இருந்து பார்த்தவனிடம் கேட்டால் சொல்வான்.


ராஞ்சி
24 பிப்ரவரி 2025

அன்புள்ள அப்பாவுக்கு, சுகம்தானே? ஜனவரியில் உங்கள் கடிதம் வரவில்லை. தபால் தவறியதா, உடம்புக்கு ஏதாவதா? குளோரி அக்காவிடம் சொல்லியாவது எழுதச் சொல்லுங்கள்.

எங்கள் மருந்தகத்துக்கு ஒரு பெரியவர் வருகிறார். காலெல்லாம் புண். அவர் பேசுவது எனக்குப் புரியாது, நான் பேசுவது அவருக்குப் புரியாது. நான் கழுவிக் கட்டும்போது என் கையைப் பிடித்துக்கொள்வார். அம்மா நோயோடு கிடையில் கிடந்தபோது கழுவியது நினைவுக்கு வரும். அப்போதுதான் இது என் வேலை என்று எனக்குத் தெரிந்தது. யாரோடும் கோபித்துக்கொண்டு நான் இங்கே வரவில்லை அப்பா. உங்களைத் தனியாக விட்டதும் எனக்குத் தெரியாமல் இல்லை.

மாதிரிப் பரீட்சையில் தேறவில்லை. பயமாக இருக்கிறது. ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். நான் தோற்று வந்தால் உங்களுக்குச் சந்தோஷமாக இருக்குமா?

இனி ஈஸ்டருக்குப் பிறகுதான் எழுதுவேன்.

ஷிஜி


கடியப்பட்டணம்
சாம்பல் புதன், 5 மார்ச் 2025

சேசு மரி சூசை துணை.

அன்பு மகளுக்கு, உடம்பு நன்றாக இருக்கிறது. எழுதாமல் இருந்தது உடம்பால் அல்ல.

நேற்றுப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். சாமியார் முழுவதையும் கேட்டார். பிறகு, "ஓய், ஜெபம் எல்லாம் அப்புறம் சொல்லும். மொதல்ல தக்கலைக்குப் போயி அதைத் தபால்ல போடும்" என்றார். இன்று நெற்றியில் சாம்பலோடு பஸ் ஏறி வந்து, தபால் ஆபீஸில் நின்று இதை எழுதுகிறேன். கவுன்ட்டரில் ஜெபகுமாரி என்று ஒரு பெண், சி.எஸ்.ஐ. சபைக்காரி, இந்தச் சாம்பல் அவளுக்குத் தெரியாது. "நெத்தியில கரி பட்டிருக்கு, தொடச்சுக்கிடுங்க" என்றாள். இருக்கட்டும் என்றேன்.

நோட்டு இதோ. உள்ளே இருக்கிற காலண்டர் தாளையும் வாசி. நீ கேட்டதற்குப் பதில் அதில் இருக்கிறது.

நீ எழுதக் கூடாது என்றால் எழுத வேண்டாம். பரீட்சைக்கு இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருக்கிறது. புள்ளி வைத்ததை மட்டும் பார்.

அப்பா


ராஞ்சி
22 ஏப்ரல் 2025

அப்பாவுக்கு,

நோட்டு ஈஸ்டர் அன்று சாயங்காலம் என் கைக்கு வந்தது. தவக்காலத்தில் நாங்கள் எழுதக் கூடாது என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். வருகிற தபாலையும் தர மாட்டார்கள் என்பது அன்றுதான் தெரிந்தது. உங்கள் பார்சல் மேல் மார்ச் 11 என்று சிஸ்டர் பென்சிலால் குறித்திருந்தார். பரீட்சை ஏப்ரல் 12. முப்பத்திரண்டு நாள் அது இரண்டு அறை தள்ளி அலமாரியில் இருந்திருக்கிறது.

நான் தேறவில்லை. பதினொரு சொல் தப்பு. பதினொன்றுக்கும் அம்மா புள்ளி வைத்திருக்கிறாள்.

மே கடைசியில் அனுப்பிவிடுவார்கள். காலண்டர் தாளை வாசித்தேன். நீங்கள் கேட்டது கிடைத்துவிட்டது அப்பா. சந்தோஷமாக இருங்கள்.

ஷிஜி


கடியப்பட்டணம்
2 மே 2025
(சிஸ்டர் லியோனிக்கு இங்கிலீஷில் அனுப்பியது. முதலில் தமிழில் எழுதிப் பார்த்த தாள் இது.)

மதிப்புக்குரிய சிஸ்டர் அவர்களுக்கு வணக்கம். நீங்களும் உங்கள் மடத்தில் உள்ளவர்களும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

நான் ஷிஜியின் தகப்பன். எட்டாம் வகுப்பு வரை படித்தேன். மீன் பிடித்தேன். இந்தக் கடிதத்தை நானே எழுதினேன், யாரும் எனக்கு எழுதித் தரவில்லை. எழுத ஆறு நாள் ஆனது.

என் மகள் ஒரு நோட்டைக் கேட்டாள். நான் அதை வைத்துக்கொண்டேன். ஒளித்தேன். கிடைக்கவில்லை என்று அவளிடம் சொன்னேன். அவள் அதை நம்பினாள். கடைசியில் அனுப்பினேன், ஆனால் தாமதமாக அனுப்பினேன். அவள் தோற்கவில்லை, நான் தோற்கடித்தேன். அவள் வீட்டுக்கு வர வேண்டும் என்று நினைத்தேன். அவளுடைய அம்மா இறந்தாள், மகன் வெளிநாடு போனான், இவளும் போனாள். இது காரணம், நியாயம் அல்ல.

அந்த நோட்டில் இருந்துதான் நான் இந்தச் சொற்களைப் படித்தேன். ஒரு கிழட்டு மீன்காரன் அதை வைத்துப் படிக்க முடிந்தால், அவள் எவ்வளவு படிப்பாள் என்று யோசியுங்கள். இன்னொரு தடவை அவளுக்குப் பரீட்சை வையுங்கள். என் பாவத்துக்கு அவளை வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.

உங்கள் ஊழியன்
ஏசுஅடிமை


ராஞ்சி
2 ஜூன் 2025

இயேசுவுக்கே புகழ், அப்பா.

நான் சுகம். நீங்கள் சுகமா? கோபமாகப் போன கடிதத்துக்கு மன்னியுங்கள். அதைப் போட்ட பிறகு மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை.

சிஸ்டர் லியோனி என்னைக் கூப்பிட்டு உங்கள் கடிதத்தைக் கையில் தந்தார். நான் வாசித்து முடிக்கும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பார்சலில் என்ன என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், அது என் தப்பு என்றார். பிறகு நோட்டை வாங்கிப் பார்த்து, புள்ளி எதற்கு என்று கேட்டுவிட்டு, "உன் அப்பா எழுதியதில் நாலு தப்பு இருக்கிறது. ஆனால் நோட்டில் புள்ளி வைத்த சொல் ஒன்றுகூடத் தப்பில்லை" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

நேற்று மறுபடியும் பரீட்சை வைத்தார். தேறிவிட்டேன் அப்பா.

ஜூன் 29, பேதுரு பவுல் திருநாளன்று எங்களுக்கு உடுப்பு. பெற்றோர் வரலாம், இரண்டு நாள் தங்கலாம். நீங்கள் வர வேண்டும். நீல அறையை அண்ணன் வரும்போது அவனுக்குக் கொடுங்கள்.

ஷிஜி


கடியப்பட்டணம்
12 ஜூன் 2025

சேசு மரி சூசை துணை.

அன்பு மகளுக்கு, நான் சுகம், நீ சுகமாக இருப்பாய், இனி எப்போதும் சுகமாக இருப்பாய்.

உன் கடிதத்தைக் குளோரிக்கு வாசித்துக் காட்டினேன். "பிள்ள தேறிட்டாளா? பின்ன ஏன் அண்ணே அழுகிய?" என்று கேட்டாள். சந்தோஷம் என்றேன். பாதி உண்மை. மீதிப் பாதியை உன்னிடம் மறைக்கப் போவதில்லை, மறைத்த வரைக்கும் போதும். நீ இனி வர மாட்டாய் என்று தெரிந்ததும் நீல அறையின் கதவைச் சாத்தினேன். மறுநாள் மறுபடியும் திறந்து வைத்தேன். காற்றாவது வந்து போகட்டும்.

ஜெஃப்ரின் டிக்கெட் போட்டுவிட்டான். இருபத்தேழாம் தேதி அங்கே இருப்பேன். முந்திரிக்கொத்து குளோரி செய்து தருகிறாள். உனக்கும் அந்தப் பதிமூன்று பேருக்கும், சிஸ்டருக்கும் தனியாக ஒரு பொதி.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்த நோட்டை எடுத்து வை. கூட்டமெல்லாம் போன பிறகு அந்தக் கிணற்றடியில் என் முன்னால் உட்கார்ந்து, முதல் பக்கத்திலிருந்து பார்க்காமல் சொல்லு. நான் பென்சில் கொண்டு வருகிறேன். அம்மா டிக் போட்ட நாளெல்லாம் நான் கொச்சியில் கிடந்தேன், ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. ஒரு மணி நேரம் போதும் மக்களே. அதற்குப் பிறகு ரயில் ஏறிவிடுவேன்.

அப்பா